எழுத்துக்கு ஒரு வீடு: ‘காலலூ’ இதழின் வரலாறு

நமது கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், வரலாறு பற்றிய கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். மன்னர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் நம் இளைஞர்கள் பாடநூல்களில் படித்திருப்பர். ஆதலின், ஓர் இதழின் வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

கழகம் தோன்றிய நாளில், நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதே பெரியோர்களின் ஒரே கவலையாக இருந்தது. அக்கவலை இன்னும் முற்றும் தீரவில்லை. எனினும் படித்தவர்கள் பலர் தோன்றிவிட்டனர். படித்தவனுக்கு எழுதத் தோன்றுவது இயல்பு. அவன் எழுதியதை யாரிடம் கொடுப்பான்? அதைப் படித்துப் பார்த்து நன்று என்றோ, திருத்துக என்றோ சொல்பவர் யார்? அச்சில் ஏற்றி நாலு பேர் கையில் சேர்ப்பவர் யார்? பள்ளிக்கூடம் கட்டுவதோடு ஒரு சமூகத்தின் கல்விப்பணி முடிந்துவிடுவதில்லை என்பதை இவ்வினாக்கள் நமக்கு உணர்த்துகின்றன. அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் இவ்வினாக்களுக்கு விடையாக 1976-ஆம் ஆண்டில் தோற்றுவித்த இதழே ‘காலலூ’ ஆகும்.

எழுத்தறிவு குற்றமாயிருந்த மண்

அமெரிக்காவின் தென்கோடியில், மிசிசிப்பி ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள மாநிலம் லூயிசியானா. கரும்பும் பருத்தியும் விளையும் அந்த வண்டல் நிலத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் அடிமைகளாகப் பாடுபட்டனர். 1830-ஆம் ஆண்டில் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அடிமை ஒருவனுக்கு எழுதவோ படிக்கவோ கற்றுக்கொடுப்பவர்க்கு ஒரு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை என்பது அச்சட்டம். கல்வி மறுப்பு நம் நாட்டில் பெரும்பாலும் சாத்திரத்தின் பெயராலும் ஊர்க்கட்டுப்பாட்டின் பெயராலும் நடந்தது. அங்கே அது சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைக்கப்பட்டது.

அதற்கு முன்பே கறுப்பினத்தவர் ஒருவர் எழுதி நூலாக்கிய வரலாறும் உண்டு. பிலிஸ் வீட்லி என்ற சிறுமி 1761-ஆம் ஆண்டில் அடிமையாகப் பாஸ்டன் நகரில் விற்கப்பட்டாள். அவள் படித்து, கவிதையும் எழுதினாள். ஓர் அடிமைப் பெண்ணால் இவ்வாறு எழுத முடியும் என்பதைப் பலர் நம்பவில்லை. ஆகவே, இவை அவள் எழுதியவையே என்று பாஸ்டன் நகரத்துப் பெருமக்கள் கையொப்பமிட்டுச் சான்று தர நேர்ந்தது. அவள் சொந்த நகரில் நூலை வெளியிடுவோர் கிடைக்காமல், 1773-இல் அது இலண்டனில் வெளிவந்தது. எழுதியவளுக்குத் திறமை இருந்தது. தன் ஊரில் தன் நூலை ஏற்கும் அச்சகம் இல்லை. இந்தக் குறையே பின்வந்த இருநூறு ஆண்டுகளிலும் கறுப்பின எழுத்தாளர்களைப் பல வடிவங்களில் தொடர்ந்தது.

காலப்போக்கில் அம்மக்கள் தங்களுக்கென இதழ்களைத் தாங்களே நடத்தத் தலைப்பட்டனர். அவற்றுள் தலைசிறந்தது, டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் என்னும் பேரறிஞர் 1910-இல் தொடங்கிய ‘கிரைசிஸ்’ என்னும் திங்களிதழ். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லாங்ஸ்டன் ஹியூஸின் ஆற்றைப் பற்றிய கவிதை 1921-இல் அவ்விதழில்தான் வெளியாயிற்று. அப்பொழுது அவர் இருபது வயதளவினரான இளைஞர். டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1946-ஆம் ஆண்டில் இந்த டுபாய்ஸ் அவர்களுக்குத்தான் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலைக்கும் இந்தியத் தீண்டப்படாத மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைக் குறிப்பிட்டார். ஐக்கிய நாடுகள் அவைக்கு அம்மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளையும் கேட்டிருந்தார். ஆகவே, அம்மக்களின் வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

தெற்கின் குறை

1960-களில் அமெரிக்காவில் கறுப்பினக் கலை இயக்கம் பெருவேகத்துடன் எழுந்தது. நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட் ஆகிய வடபுல நகரங்களே அதன் நிலைக்களங்கள். 1965-இல் டெட்ராய்டிலும் 1967-இல் சிகாகோவிலும் கறுப்பினத்தவரின் சொந்தப் பதிப்பகங்கள் தோன்றின. சிகாகோவிலிருந்து ஹோய்ட் புல்லர் என்பவரை ஆசிரியராகக் கொண்டு ‘பிளாக் வேர்ல்டு’ என்ற இதழ் வந்துகொண்டிருந்தது. 1976-இல் அதை நடத்திய நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. நாடெங்கும் உள்ள கறுப்பின எழுத்தாளர்கள் நம்பியிருந்த ஒரு பெரிய வாயில் அவ்வாண்டில் அடைபட்டது.

தென்மாநிலங்களில் வாழ்ந்த எழுத்தாளர்களின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. அடிமைத்தனத்தின் கொடுமையைத் தாங்கிய மண் தெற்கு. பாட்டும் கதையும் பழமொழியும் பிறந்த மண்ணும் தெற்கே. ஆனால் அச்சகமும் பதிப்பகமும் திறனாய்வாளரும் வடக்கில் இருந்தனர். சிற்றூரில் இருந்து எழுதுபவனின் கையெழுத்துப்படி நியூயார்க்கு சென்று, பெரும்பாலும் திரும்பி வந்தது.

லூயிசியானாவின் தலைநகரான பேட்டன் ரூஜில் சதர்ன் பல்கலைக்கழகம் உள்ளது. 1880-இல் கறுப்பின மாணவர்க்கென நியூ ஆர்லியன்ஸ் நகரில் நிறுவப்பெற்று, 1914-இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இப்போதுள்ள இடத்திற்கு வந்தது. 1972-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அப்பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் போராட்டத்தின்போது காவலர் சுட்டதில் மாணவர் இருவர் மாண்டனர். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்தத் துயரத்தின் நிழல் நீங்காத அதே வளாகத்தில் இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தார் சார்லஸ் ஹென்றி ரோவெல் என்ற பேராசிரியர். அலபாமா மாநிலத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தென்னகத்துக் கறுப்பின எழுத்தாளர்க்கென ஓர் இதழ் வேண்டும் என்று அவர் எண்ணினார்.

அவருக்குத் துணை நின்றோர் இருவர். ஒருவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டாம் டென்ட். இவர் இளமையில் நியூயார்க்கு சென்று, அங்கே 1962-இல் கறுப்பினக் கவிஞர் குழு ஒன்றைத் தொடங்குவதில் பங்கு கொண்டவர். பின்னர்த் தம் ஊருக்கே திரும்பி, நாடகக் குழுவிலும் எழுத்துப் பயிற்சி வகுப்புகளிலும் இளைஞரைப் பழக்கி வந்தார். மற்றொருவர் மிசிசிப்பி மாநிலத்து டூகலூ கல்லூரியின் ஆசிரியர் ஜெரி வார்டு. இம்மூவரின் முயற்சியால் 1976 டிசம்பரில் ‘காலலூ’வின் முதல் இதழ் வெளிவந்தது. ‘கறுப்புத் தெற்கின் இதழ்’ என்பது அதன் துணைத் தலைப்பு.

பெயரின் பொருள்

‘காலலூ’ என்பது ஒரு கீரை உணவின் பெயர். கரீபியத் தீவுகளில் எளிய மக்களின் வீடுகளில் அன்றாடம் சமைக்கப்படுவது. டிரினிடாட் தீவில் சேப்பங்கிழங்கின் இலையைக் கொண்டு அதைச் செய்வர். ஜமைக்காவில் அப்பெயர் வழங்குவது நம் ஊரில் குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் தானே முளைக்கும் குப்பைக்கீரையின் இனத்திற்கே. நிலமற்றவன் பறித்து உண்ணும் கீரை அது. விதைப்பாரும் வேண்டா, நீர் பாய்ச்சுவாரும் வேண்டா. கையில் கிடைத்தவற்றையெல்லாம் அதனோடு சேர்த்து ஒரு குழம்பாக்கி, குடும்பம் முழுவதும் பசியாறும்.

உயர்ந்தோர் சபையில் சொல்லத் தயங்கும் ஓர் உணவின் பெயரை ஓர் இலக்கிய இதழுக்குச் சூட்டியதில் ஒரு துணிவு உண்டு. எங்கள் அடுக்களையும் எங்கள் பேச்சும் எங்கள் பாட்டியின் கைப்பக்குவமும் இலக்கியத்துக்கு உரியவை என்று அப்பெயரே அறிவித்தது. பலவகைப் பொருள்கள் கலந்து ஒரு சுவையாவது போல, பல நாடுகளில் சிதறிய கறுப்பின மக்களின் குரல்கள் ஓரிடத்தில் கூடும் என்ற பொருளும் அதில் அடங்கியிருந்தது. அப்பொருள் பின்னர் உண்மையாயிற்று.

பதினான்கு திங்கள் இடைவெளி

முதல் இதழ் 1976 டிசம்பரில் வந்தது என்றேன். இரண்டாம் இதழ் எப்பொழுது வந்தது? 1978 பிப்ரவரியில்! இடையே பதினான்கு திங்கள்கள். பல சிற்றிதழ்கள் முதல் இதழோடு மடிவதை நாம் அறிவோம். வெளியீட்டு விழாவில் மாலையிட வருபவர்கள் இரண்டாம் இதழின் அச்சுக்கூலிக்கு வருவதில்லை. ஆயினும் ‘காலலூ’ மடியவில்லை. 1978-இல் மட்டும் மூன்று இதழ்கள் வெளிவந்தன. பிற்காலத்தில் அது காலாண்டிதழாக நிலைபெற்றது.

1978 மே திங்களில் வந்த மூன்றாம் இதழ், எர்னஸ்ட் கெய்ன்ஸ் என்னும் நாவலாசிரியருக்கான சிறப்பிதழ். கெய்ன்ஸ் பிறந்தது அதே லூயிசியானாவில், பேட்டன் ரூஜுக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில். அவருடைய முன்னோர் அடிமைகளாய் உழைத்த நிலம் அது. 1933-இல் பிறந்த அவர் சிறுவயதிலேயே வயல் வேலைக்குச் சென்றார். ஆண்டில் ஐந்தாறு மாதங்கள் மட்டுமே நடந்த பள்ளியில் படித்தார். பள்ளி நடந்த இடம் தேவாலயம். பண்ணையில் எழுதத் தெரியாத முதியோர் தம் உறவினர்க்குக் கடிதம் எழுத வேண்டுமாயின் அச்சிறுவனை அழைப்பர். அவர்கள் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். நம் தெருக்களிலும் எத்தனையோ மாணவர்கள் மனுவும் கடிதமும் எழுதித் தந்திருக்கிறார்கள்! பிறர் நெஞ்சிலுள்ளதைப் பிறர் சொல்லிலேயே எழுதும் அந்தப் பழக்கமே அவரை நாவலாசிரியராக்கிற்று எனலாம்.

கறுப்பின மாணவர்க்கு அப்பகுதியில் உயர்நிலைப் பள்ளி இல்லாமையால், 1948-இல் தம் பதினைந்தாம் வயதில் அவர் கலிபோர்னியாவுக்குச் சென்றார். அங்கே பொது நூலகத்தில் நுழைந்து படித்தார். தெற்கைப் பற்றிய நூல்கள் அங்கே இருந்தன; தம் மக்கள் உள்ளபடி அவற்றில் இல்லை. எனவே தாமே ஒரு நாவல் எழுதி நியூயார்க்குக்கு அனுப்பினார். அது திரும்பி வந்தது. அதை எரித்துவிட்டார். அந்தக் கதையே பல ஆண்டுகள் கழித்துத் திருத்தம் பெற்று, 1964-இல் அவருடைய முதல் நாவலாக வெளிவந்தது. 1971-இல் வெளியான ‘மிஸ் ஜேன் பிட்மனின் தன்வரலாறு’ என்னும் நாவல் அவருக்குப் பெரும்புகழ் சேர்த்தது. தம் மண்ணின் எழுத்தாளர் ஒருவரைத் தம் மண்ணிலே தோன்றிய இதழ் முதலில் சிறப்பித்தது, அதன் நோக்கத்தைத் தெளிவாக்கிற்று.

அடைத்த கதவுகளின் வழியே

‘காலலூ’வுக்குச் சொந்தக் கட்டடமோ சொந்தச் செல்வமோ கிடையாது. ஆசிரியர் ரோவெல் பணியாற்றிய பல்கலைக்கழகமே அதன் வீடு. அவர் இடம் மாறிய போதெல்லாம் இதழும் மாறியது. 1977-இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கும், 1986-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கும், 2001-இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்துக்கும் அது சென்றது. இந்தப் பயணத்தை வெறும் இடமாற்றமாகக் கருதலாகாது. இம்மூன்று பல்கலைக்கழகங்களின் பழைய வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கென்டக்கி பல்கலைக்கழகம் 1949 வரை கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. லைமன் ஜான்சன் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வழக்குத் தொடுத்து வென்ற பிறகே அக்கதவு திறந்தது. ஓர் ஆசிரியர் திறந்த கதவு அது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகமும் 1950-இல் கிரகரி ஸ்வான்சன் என்ற வழக்கறிஞர் நீதிமன்றத்தில் பெற்ற தீர்ப்பின் பின்னரே முதல் கறுப்பின மாணவரை ஏற்றது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 1876-இல் திறக்கப்பட்டது. கறுப்பின மாணவர் அங்கே நுழைய 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவற்றுள் வர்ஜீனியாவின் கதை மேலும் கருதத்தக்கது. அப்பல்கலைக்கழகத்தை 1819-இல் நிறுவியவர் தாமஸ் ஜெபர்சன். மனிதர் அனைவரும் சமம் என்ற சாசனத்தை வரைந்தவரும் அவரே. நூற்றுக்கணக்கான அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவரும் அவரே. அப்பல்கலைக்கழகத்தின் கட்டடங்களை எழுப்பியதில் அடிமைகளின் உழைப்புப் பெரும்பங்கு வகித்தது. முன்னே நாம் கண்ட பிலிஸ் வீட்லியின் கவிதைகள் திறனாய்வுக்கும் தகுதியற்றவை என்று தம் நூலில் இகழ்ந்தவரும் அந்த ஜெபர்சனே. அவர் நிறுவிய வளாகத்திலிருந்து 1986 முதல் பதினைந்து ஆண்டுகள், கறுப்பினக் கவிஞர்களின் கவிதைகளைத் தாங்கிய இதழ் ஒன்று உலகெங்கும் சென்றது. காலம் வழங்கிய தீர்ப்பு இது என்று சொல்லத் தோன்றும். ஆனால் காலம் தானாக எதையும் வழங்குவதில்லை. வழக்குத் தொடுத்தவரும், கவிதை எழுதியவரும், கையெழுத்துப்படியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்ற ஆசிரியரும் சேர்ந்து பெற்ற தீர்ப்பு அது.

மூத்தோரும் புதியோரும் ஒரே பந்தியில்

இலக்கிய இதழ்கள் பொதுவாக இரண்டு வகையில் தவறுகின்றன. புகழ்பெற்றவரை மட்டுமே வெளியிட்டால் இதழ் விலைபோகும். புதியவன் வாயிலிலே நிற்பான். புதியவரை மட்டுமே வெளியிட்டால் அன்பு விளங்கும்; தரம் தளரும். ‘காலலூ’ இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் இணைத்தது. பெயர் பெற்ற எழுத்தாளரின் படைப்பைத் தேடி வாங்குபவன், அடுத்த பக்கத்தில் அதுவரை கேள்விப்படாத பெயர் ஒன்றையும் படித்தான். மூத்தவரின் புகழ் இளையவனுக்குப் படிக்கட்டாயிற்று.

இதழோடு நூல் வரிசைகளும் வெளியிடப்பட்டன. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து இளங்கவிஞர் பிரெண்டா மேரி ஆஸ்பேயின் கவிதை நூல் 1983-இல் அவ்வரிசையில் வந்தது. பிற்காலத்தில், 2005-இல், அவர் லூயிசியானா மாநிலத்தின் அரசவைக் கவிஞரானார். ரீட்டா டவ் என்ற பெண்மணியின் சிறுகதைத் தொகுதியைக் ‘காலலூ’ 1985-இல் வெளியிட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் கவிதைக்கான புலிட்சர் பரிசு அவரை வந்தடைந்தது. 1993-இல் அவர் அமெரிக்க நாட்டின் அரசவைக் கவிஞராக அமர்ந்தார். லூயிசியானாவின் பொகலூசா என்ற சிற்றூரில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த யூசெப் கொமுன்யாகாவும் ‘காலலூ’வின் பக்கங்களில் இடம்பெற்றவரே. 1994-இல் அவர் கவிதைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார்.

‘கறுப்புத் தெற்கின் இதழ்’ என்று தொடங்கியது நாளடைவில் கறுப்பின மக்கள் வாழும் பிற நாடுகளையும் தழுவிக்கொண்டது. மார்டினிக் தீவின் கவிஞர் எமே செசேருக்கும், கியூபா நாட்டுக் கவிஞர் நிகோலாஸ் கியேனுக்கும் 1980-களில் சிறப்பிதழ்கள் வெளிவந்தன. 1992-இல் ஹெய்ட்டி நாட்டு இலக்கியமும், 1995-இல் பிரேசில் நாட்டுக் கறுப்பின இலக்கியமும் தொகுத்தளிக்கப்பட்டன. பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்த்துகீசியம் ஆகிய மொழிகளிலிருந்து மொழிபெயர்ப்புகள் வந்தன. ஒரே துயரத்தை வெவ்வேறு மொழியில் அனுபவித்த மக்கள் ஒருவரையொருவர் படிக்கலாயினர். ரோவெல் எழுத்தாளர்களை நேரிற்கண்டு எடுத்த நீண்ட நேர்காணல்களும் இதழில் இடம்பெற்றன. ஓர் எழுத்தாளன் எவ்வாறு உருவானான் என்பதை அவன் வாய்மொழியாகவே பதிவு செய்த அவை, இன்று ஆய்வாளர்க்குச் சான்றாவணங்களாக விளங்குகின்றன.

வருகின்றவற்றை அச்சிடுவது மட்டுமே தன் கடமை என்று ‘காலலூ’ இருந்துவிடவில்லை. 1990-களின் பிற்பகுதியில் எழுத்துப் பயிற்சிப் பட்டறைகளைத் தொடங்கியது. தேர்ந்த எழுத்தாளர்கள் இளைஞரோடு அமர்ந்து, அவர்கள் எழுதியதை வரிவரியாகப் படித்துக் குறை நிறை கூறினர். நல்ல விளைச்சல் வேண்டுவோன் அறுவடைக்கு மட்டும் வயலுக்குப் போவதில்லை, நாற்றங்காலிலேயே நிற்கிறான்.

2002-இல் ‘காலலூ’வின் இருபத்தைந்து ஆண்டுப் படைப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்த தொகுப்பு நூல் ஒன்று ரோவெல் அவர்களால் வெளியிடப்பட்டது. அஃது அவ்விதழின் வெள்ளி விழா மலர் என்றே கொள்ளலாம். ரோவெல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்விதழின் ஆசிரியர் பொறுப்பைத் தாங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

வெள்ளம் வந்தபோது

2005 ஆகஸ்டு 29-ஆம் நாள் கத்ரீனா என்னும் பெரும்புயல் லூயிசியானாவைத் தாக்கியது. கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஐந்தில் நான்கு பகுதி நீரில் மூழ்கியது. ஊர்தியும் பொருளும் உடையோர் முன்னரே வெளியேறினர். இல்லாதோர் கூரைமேல் ஏறி நின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். தாழ்ந்த இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை எந்த நாட்டிலும் வெள்ளம் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

தான் பிறந்த மாநிலத்தின் துயரைக் ‘காலலூ’ மறக்கவில்லை. அப்பொழுது டெக்சாசில் இருந்தபோதிலும், 2006-இல் நியூ ஆர்லியன்ஸ் பற்றித் தனிச் சிறப்பிதழை வெளியிட்டது. செய்தித்தாள்கள் வெள்ளத்தின் அளவைச் சொல்லி அகன்ற பிறகு, வெள்ளத்தில் அகப்பட்டோர் தாமே பேசிய சொற்கள் அச்சில் நிலைபெற்றன. இதழின் தொடக்கத்தில் உடனிருந்த ஜெரி வார்டும் அந்நகரில் வாழ்ந்து வீடிழந்து தவித்தவர்களுள் ஒருவர். அவ்வனுபவத்தை 2008-இல் நூலாக வெளியிட்டார். ஒரு சமூகத்திற்குத் தன் இதழ் ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டு வினாக்கள்

நம் இளைஞர்கள் இங்கே இரண்டு வினாக்களை எழுப்பக்கூடும். முதலாவது: இலக்கியம் அனைவர்க்கும் பொதுவாயிருக்க, ஒரு சமூகத்துக்கெனத் தனி இதழ் எதற்கு? இதற்கு விடை ‘காலலூ’வின் வரலாற்றிலேயே உள்ளது. தனி இதழில் எழுதிய ரீட்டா டவ், நாடு முழுமைக்கும் கவிஞரானார். சொந்த வீட்டில் பேசிப் பழகியவன் ஊர் மன்றத்தில் நிமிர்ந்து பேசுகிறான். பொது மன்றம் என்று சொல்லப்படுவதில் நம் பெயரைக் கண்டதும் கையெழுத்துப்படியைப் புரட்டாமலே வைத்துவிடும் வழக்கம் உள்ளவரை, நமக்கென ஒரு வீடு வேண்டியதே. அவ்வீட்டின் கதவு உட்புறம் தாழிடப்படாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே முறை. ‘காலலூ’ தென்மாநிலங்களிலிருந்து தொடங்கி உலகத்துக் கதவைத் திறந்து வைத்ததும் அதனாலேயே.

இரண்டாவது வினா இன்னும் கடினமானது. பல்கலைக்கழகத்தின் ஆதரவில் நடக்கும் இதழ், படித்தோர் மட்டுமே படிக்கும் இதழாகிவிடாதா? அதைத் தந்த மக்கள் எட்டி நின்று பார்க்கும் பொருளாகிவிடாதா? இவ்வச்சம் நியாயமானதே. திறனாய்வுக் கட்டுரைகளின் மொழி சில சமயம் எளிய வாசகனை விரட்டும். ஆயினும் பல்கலைக்கழகம் இல்லையேல் அச்சுக்கூலியும் அஞ்சற்செலவும் எங்கிருந்து வந்திருக்கும்? ‘பிளாக் வேர்ல்டு’ போன்ற பெரிய இதழே ஒரு முதலாளியின் முடிவால் நின்றுபோனதை நாம் கண்டோம். பல்கலைக்கழகத்தின் கூரை ‘காலலூ’வைக் காத்தது. அந்தக் கூரையின் கீழே தெருவின் மொழி மங்காமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவது வாசகரின் உரிமை. கீரையின் பெயரைத் தாங்கிய இதழ் அக்கீரையை உண்பவரை மறந்தால் பெயரே அதைக் கடிந்துகொள்ளும்.

நாம் செய்யத்தக்கது

அன்பார்ந்த இளைஞர்களே! பல ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் பணியாற்றி வரும் நான் கண்ட உண்மை ஒன்றைச் சொல்வேன். நம் மாணவர்களுள் நன்றாக எழுதக்கூடியவர் பலர் உளர். எழுதியதைப் பிறரிடம் காட்டுவதற்குக் கூசுவோரும் அவர்களே. தன் தாயின் பேச்சைத் தேர்வுத்தாளில் எழுதலாகாது என்று கற்றவர்கள், அதைக் கதையிலும் எழுதலாகாது என்று எண்ணிவிடுகின்றனர். அவர்களுடைய குறிப்பேடுகள் ஆண்டு முடிவில் பழைய தாள் வாங்குவோனின் தராசுக்குச் செல்கின்றன. ஒரு தலைமுறையின் வரலாறு அவ்வாறு எடைபோட்டு விற்கப்படுவதைத் தடுக்க வேண்டாமா?

நம் கழகம் அடுத்த ஆண்டு முதல், அரையாண்டுக்கு ஒருமுறையேனும் ஓர் இதழ் வெளியிடலாம் என்பது என் பணிவான கருத்து. பணம் இல்லையெனில் கையெழுத்து இதழாகவே தொடங்குக. அதற்கு நான்கு நெறிகளை முன்வைக்கிறேன். ஒன்று, ஒவ்வோர் இதழிலும் பாதிப் பக்கங்கள் முதன்முறை எழுதுவோர்க்கு ஒதுக்கப்பட வேண்டும். மறு பாதியில் நம் மூத்தோர் எழுத வேண்டும். இரண்டு, வெளியிட இயலாத படைப்பையும் காரணம் எழுதித் திருப்பித் தர வேண்டும்; காரணம் அறிந்தவன் மீண்டும் எழுதுவான். மூன்று, நம் பிள்ளை என்பதற்காகத் தரமற்றதை வெளியிடலாகாது. இரக்கத்தால் தரும் இடம் அவனுக்கு மதிப்பாகாது. நான்கு, ஒவ்வோர் இதழின் இரண்டு படிகள் கழக நூலகத்தில் கட்டப்பட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும். பொன்விழா மலரை எழுதுவோர்க்கு அவை வேண்டியிருக்கும்.

இரண்டாம் இதழ் வரக் காலம் தாழலாம், தளர வேண்டா. ‘காலலூ’வுக்குப் பதினான்கு திங்கள்கள் ஆயின. எழுத்தறிவித்தலைக் குற்றமாக்கிய மண்ணில், அக்குற்றத்திற்கு ஆளான மக்களின் பேரப்பிள்ளைகள் ஓர் இதழை நிறுவி, அடைத்த கதவுகளின் வழியே அதை எடுத்துச் சென்று நிலைநாட்டினர். அவர்களால் இயன்றது நம்மாலும் இயலும். நம் கழகம் நமக்குப் படிக்கக் கற்பித்தது. எழுதி அதன் கடனைத் தீர்ப்போம்.

வெள்ளி விழாக் காணும் கழகம் பொன்விழாவும் காண்க! வாழ்க கல்வி! வளர்க நம் ஒற்றுமை!